பேசாத மாணவரின் கையில் ஒரு துண்டுத்தாள்

"புரிந்ததா?" என்று கேட்டால் நாற்பது குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து "புரிஞ்சுது டீச்சர்" என்று சொல்லும். ஆசிரியப் பணியில் நான் அதிகமாகக் கேட்ட பதில் அதுதான். சிறிதும் நம்பத்தகாத பதிலும் அதுதான். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் கற்பித்த ஆண்டுகளில், அந்தக் கூட்டுக் குரலுக்குள் எத்தனை பேர் புரியாமலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத் தேர்வுத்தாளைத் திருத்தும்போதுதான் அறிந்துகொண்டேன். அதற்குள் பாடம் எங்கோ கடந்து போயிருக்கும்.

இந்த நிலையை மாற்ற எனக்கு உதவியது கடையில் 'ஸ்டிக்கி நோட்' என்று கேட்டால் கிடைக்கும் சிறிய மஞ்சள் ஒட்டுத்தாள். அலுவலகங்களில் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அதே தாள்தான். வகுப்பறையில் அது என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

கடலும் கப்பலும்

அரியலூர்ப் பகுதியில் எட்டாம் வகுப்புக்கு 'பாறை மற்றும் மண்' பாடம் நடத்துவது எளிது என்றே எவரும் நினைப்பார்கள். பள்ளிக்கு வெளியே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருக்கும். சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள் தொலைவில் தெரியும். ஓடைக்கரையில் விளையாடும் பிள்ளைகளின் கையில் சுருள் சுருளான கல் நத்தை அகப்படும். அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரினத்தின் புதைபடிமம் அது. "சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். பல ஆண்டுகள் அப்படித்தான் போனேன்.

ஓர் ஆண்டு, பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு ஒட்டுத்தாளைக் கொடுத்தேன். இன்று புரிந்துகொண்டது ஒன்று, கேட்க விரும்புவது ஒன்று. பெயர் எழுத வேண்டாம். எழுதியதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம் என்றேன். அன்று மாலை அந்தத் தாள்களைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகளாக இந்த வகுப்பில் நான் கேட்டிராத குரல்களைக் கேட்டேன்.

"கடல் இருந்துச்சுன்னா உப்பு எங்க போச்சு?" என்று ஒரு தாள் கேட்டது. "அந்தக் கடல்ல மீன் பிடிச்சவங்க யாரு?" என்றது இன்னொன்று. "எங்கப்பா ஓட்டுற லாரியில போற கல்லுக்குள்ளயும் நத்தை இருக்குமா?" என்றது மற்றொன்று. புரிந்துகொண்டதை எழுதும் இடத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே செய்தியை எழுதியிருந்தார்கள்: "இந்தக் கடலில்தான் ராஜேந்திர சோழன் கப்பல் விட்டார்."

முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பு அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். கடல் பழையது, சோழரும் பழையவர். ஆகவே இரண்டையும் இணைத்துவிட்டார்கள். தெரிந்த இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்கும் அறிவு அதில் இருக்கிறது. அவர்களிடம் இல்லாதது 10 கோடி என்னும் எண்ணின் அளவு. அதை நான் சொல்லித் தரவில்லை. "புரிந்ததா?" என்று வாய்மொழியாகக் கேட்டிருந்தால் இந்தப் பிழை வெளியே வந்திருக்காது.

மறுநாள் சுவரில் ஒரு கயிறு கட்டினோம். ஒரு சென்டிமீட்டர் என்பது 1,000 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டோம். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் தாள் கயிற்றின் தொடக்கத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் ஒட்டப்பட்டது. நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றியது சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அந்தத் தாள் 3 மீட்டரில், வகுப்பறைக்குள்ளேயே நின்றது. அம்மோனைட்டுகளும் டைனோசர்களும் மறைந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கணக்குப் போட்டால் 660 மீட்டர் வந்தது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய் ஒட்ட வேண்டும்! பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அந்தத் தாளுக்கு 1.2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்தக் கடலில் மீன் பிடித்தவர் யார் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோழரின் கப்பல் தாளை ஒட்டியவர்களே எழுந்து வந்து, அதைக் கடலிடமிருந்து பிரித்தெடுத்துச் சரியான இடத்தில் ஒட்டினார்கள்.

பிரித்தெடுத்து மீண்டும் ஒட்ட முடிந்தது என்பதில்தான் இந்தத் தாளின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வலுவற்ற பசையின் வலிமை

1968இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்னும் வேதியியலாளர் வலுவான பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ வலுவற்ற பசை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளால் ஆன அந்தப் பசை, பரப்பு முழுவதும் படியாமல் ஆங்காங்கே புள்ளிகளாக மட்டுமே தொட்டது. அதனால் ஒட்டும், இழுத்தால் கிழியாமல் வந்துவிடும், மீண்டும் ஒட்டும். இதை என்ன செய்வது என்று பல ஆண்டுகள் எவருக்கும் தெரியவில்லை. தேவாலயப் பாடற்குழுவில் பாடிவந்த ஆர்ட் ஃப்ரை என்னும் சக ஊழியர், பாடல் புத்தகத்தில் தாம் வைக்கும் அடையாளத் துண்டுகள் நழுவி விழுவதைக் கண்டு சலித்து, 1974இல் இந்தப் பசையை நினைத்துக்கொண்டார். 1980இல் இது 'போஸ்ட்-இட்' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

நம் வகுப்பறையில் பிழைக்கு வேறொரு பசை இருக்கிறது. நோட்டில் ஆசிரியர் சிவப்பு மையால் போட்ட சுழி ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். கரும்பலகைக்கு முன்னால் தவறாகச் சொன்ன பதில் பட்டப்பெயராகவே மாறிப் பள்ளிக்காலம் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்து வளரும் பிள்ளை, தவறு செய்வதைவிடப் பேசாமல் இருப்பது பாதுகாப்பானது என்று சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. ஒட்டுத்தாளில் எழுதிய தவறு அப்படி நிலைப்பதில்லை. எழுதியவரே நாளை எடுத்துவிடலாம், இடம் மாற்றலாம், கசக்கிப் போடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ ஆராய்ந்தார். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிகளாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். ஒரு விநாடியில் கையுயர்த்துவது எப்போதும் முன்வரிசையின் அதே நான்கைந்து பேர்தான். துண்டுத்தாளில் எழுதச் சொன்னால் இரண்டு நிமிடங்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. கை உயர்த்தும் போட்டி அங்கே இல்லை.

மூன்று நேரங்கள்

பாடத்தின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று நேரங்களில் இதைப் பயன்படுத்தலாம்.

தொடக்கத்தில், ஏற்கெனவே தெரிந்ததையும் தெரிந்துகொள்ள விரும்புவதையும் இரண்டு தாள்களில் எழுதச் சொல்வது. பாடம் முடிந்தபின் தெரிந்துகொண்டதை மூன்றாவது தாளில் எழுதுவார்கள். டோனா ஓகிள் என்னும் கல்வியாளர் 1986இல் வாசிப்புக்காக வகுத்த முறை இது. சோழர் பாடமானாலும் உள்ளாட்சிப் பாடமானாலும், பிள்ளைகள் வெறும் பாத்திரங்களாக வந்து உட்காரவில்லை என்பதை முதல் தாளே ஆசிரியருக்குச் சொல்லிவிடும்.

நடுவில், எழுதிய தாள்களை இனம் பிரிப்பது. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா, களப்பணியில் சேர்ந்த குவியலான செய்திகளை ஒவ்வொன்றாகத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒத்தவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பொருள் காணும் முறையை 1960களில் உருவாக்கினார். அதையே பிள்ளைகள் செய்ய முடியும்.

இதற்குப் பெரம்பலூரிலேயே ஒரு நல்ல பாடம் கிடைத்தது. 2020 அக்டோபரில் குன்னம் பகுதி ஏரியில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் படங்கள் பறந்தன. அவை கடல் படிவுகளில் உருவான கல்லுருண்டைகள், முட்டைகள் அல்ல என்று புவியியல் அறிஞர்கள் விளக்கினார்கள். பெருந்தொற்றுக்குப் பின் பள்ளி திறந்ததும் அந்தப் படத்தை வகுப்பில் காட்டி, தோன்றுவதை எல்லாம் எழுதச் சொன்னேன். பிறகு சுவரில் இரண்டு தலைப்புகள்: 'கண்ணால் பார்த்தது', 'நாமாக நினைத்தது'. 'உருண்டையாக இருக்கிறது', 'ஏரி மண்ணில் கிடைத்தது' ஆகிய தாள்கள் முதல் பக்கம் போயின. 'முட்டை' என்ற தாளை எங்கே ஒட்டுவது என்பதில் சண்டை வந்துவிட்டது. இரண்டு முறை இடம் மாறி, கடைசியில் இரண்டாவது பக்கத்தில் நின்றது. வாட்ஸ்அப்பில் வருவதை எப்படி வாசிப்பது என்று நான் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

முடிவில், வாசல் சீட்டு. கதவில் ஒட்டிவிட்டு வெளியேறும் அந்த ஒற்றைத் தாள்தான் மூன்றிலும் மிக முக்கியமானது என்பேன். மாலையில் அவற்றைப் புரிந்தவை, பாதி புரிந்தவை, புரியாதவை என்று மூன்று அடுக்குகளாகப் பிரிக்கப் பத்து நிமிடங்கள் போதும். மூன்றாவது அடுக்கு பெரிதாக இருந்தால் நாளை புதிய பாடம் இல்லை. இன்றைய பாடம் வேறு வழியில் மீண்டும் தொடங்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் சுமார் 250 ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: கற்றலின் இடையே மாணவரின் நிலையை அறிந்து, அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றிக்கொண்டால் கற்றல் உயர்கிறது, பின்தங்கிய மாணவர்களுக்கு அது இன்னும் கூடுதலாகப் பயன்படுகிறது. மாற்றிக்கொண்டால் என்பதுதான் அங்கே முக்கியமான சொல். படிக்கப்படாத சீட்டு வெறும் குப்பை.

என் தவறும் ஒரு வெற்றுத்தாளும்

தொடக்கத்தில் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். வேடிக்கையாக இருந்த ஒரு தாளை எடுத்து வகுப்பில் உரக்கப் படித்தேன். பெயர் இல்லைதான். ஆனால் எழுத்தின் சாய்வைப் பார்த்தே பக்கத்தில் இருப்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வகுப்பு சிரித்தது. அதன்பின் அந்தப் பெண் வாரக்கணக்கில் 'எல்லாம் புரிந்தது' என்று மட்டுமே எழுதினாள். பெயரில்லாத தாள் என்பது ஆசிரியர் கொடுக்கும் வாக்குறுதி. அதை ஒருமுறை மீறினால் தாள் கேட்கும் உரிமையே போய்விடுகிறது. இப்போதெல்லாம் கேள்வியை என் சொற்களில் மாற்றித்தான் வகுப்புக்குச் சொல்கிறேன். தாளை எவரிடமும் காட்டுவதில்லை.

அதே ஆண்டில், கதவின் கீழ் ஓரத்தில் நாள்தோறும் ஒரு வெற்றுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. சோம்பேறித்தனம் என்று எண்ணி விட்டுவிட்டேன். ஒருநாள் பிள்ளைகள் வெளியேறும்போது கவனித்தேன். அதை ஒட்டிய மாணவன், வகுப்பிலேயே அழகான கையெழுத்துக்குப் பெயர் பெற்றவன். கரும்பலகையில் உள்ளதைப் பிசகாமல் எழுதிவிடுவான். தனியே அழைத்துப் பாடநூலில் ஒரு வரியைப் படிக்கச் சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்துகளை அவன் எழுதவில்லை, வரைந்துகொண்டிருந்தான். அந்த அழகான கையெழுத்தே எட்டாம் வகுப்பு வரை அவனை எவர் கண்ணிலும் படாமல் மறைத்து வந்திருக்கிறது. பார்த்து எழுத எதுவும் இல்லாத துண்டுத்தாளில்தான் அவனால் மறைந்துகொள்ள முடியவில்லை.

மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடங்கள் அவனோடு உட்கார்ந்தேன். ஆண்டு முடிவதற்குள் தடுமாறித் தடுமாறி ஒரு பத்தியைப் படிக்கும் அளவுக்கு வந்தான். எங்கள் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். இன்னும் இரண்டு ஆண்டுகள் கிடைத்திருந்தால் என்ற வருத்தத்தோடு அவனை அனுப்பிவைத்தேன். இத்தகைய பிள்ளைகள் மேல்வகுப்புவரை வராமல் தடுக்கத்தான் 2022இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடக்க வகுப்புகளில் கொண்டுவந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையறிந்து கற்பிப்பது அதன் அடிப்படை. எந்தத் திட்டமானாலும் முதல் படி ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு இன்று என்ன தெரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்.

நமக்குப் புதியதல்ல

இது வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி முறையை முன்மாதிரியாகக் கொண்டு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளின் உலகம். கற்றல் ஏணிப்படி, பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, வகுப்பறையின் குறுக்கே கட்டிய கம்பிப் பந்தலில் தொங்கும் பிள்ளைகளின் படைப்புகள் என்று எல்லாம் அங்கே இருந்தன. அந்தப் பந்தலின் தம்பிதான் இந்த ஒட்டுத்தாள்.

அந்த முறையிலிருந்து எச்சரிக்கையும் பெற வேண்டும். நான் பார்த்த சில வகுப்பறைகளில் அட்டைகள் பிள்ளைகளுக்காக நகர்வது நின்று, பதிவேட்டுக்காக நகரத் தொடங்கின. ஒட்டுத்தாளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஏனெனில் வண்ண வண்ணமாக ஒட்டிய சுவர் படத்தில் அழகாக விழும். படம் எடுத்துக் குழுவில் போட்டதும் வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிட்டால், அந்தச் சுவர் வெறும் தோரணம். எத்தனை தாள்கள் ஒட்டப்பட்டன என்று கேட்கும் ஆய்வு அலுவலரைவிட, இவற்றைப் படித்தபின் மறுநாள் எதை மாற்றினீர்கள் என்று கேட்கும் அலுவலர்தான் பள்ளிகளுக்குத் தேவை.

செலவும் சிக்கனமும்

நாற்பது பேர் உள்ள வகுப்பில் 220 வேலைநாள்களும் ஆளுக்கொரு தாள் என்றால் 8,800 தாள்கள். நூறு தாள் கட்டுகளில் 88 கட்டுகள். இதை ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்தோ பெற்றோரிடமிருந்தோ எதிர்பார்க்கக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். அதற்கும் கடைத்தாள்தான் வேண்டும் என்பதில்லை. எங்கள் வகுப்பில் நாள்காட்டியில் கிழித்த தாள்களின் வெற்றுப் பின்பக்கத்தைப் பயன்படுத்தினோம். கம்பியில் துணிக்கவ்வியால் மாட்டினால் எடுக்கவும் மாற்றவும் முடிகிறது. எளிதில் எடுத்து மாற்ற முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பசையின் பெயர் எதுவாகவும் இருக்கலாம்.

கடைத்தாளே வாங்கினாலும் சில நடைமுறைகள் உண்டு. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டினால் பசையில் பொடி ஏறி, மின்விசிறி சுழன்றதும் எல்லாம் தரைக்கு வந்துவிடும். இரும்பு அலமாரியின் பக்கவாட்டிலோ ஈரத்துணியால் துடைத்து உலர்ந்த கதவிலோ நன்றாக நிற்கும். கட்டிலிருந்து கீழிருந்து மேலாக இழுத்தால் தாள் சுருண்டுகொள்ளும். பக்கவாட்டில் உரித்தால் தட்டையாக வரும்.

நீண்ட கட்டுரை எழுதும் பயிற்சியை இந்தத் தாள் தராது. ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் வாதிடும் துணிவையும் தானாகத் தந்துவிடாது. எழுதியதோடு நின்று பேச்சே இல்லாமல் போனால், ஊமை வகுப்பின் புது வடிவம்தான் மிஞ்சும். இன்று தாளில் கேட்டதை ஒருநாள் எழுந்து நின்று வாயால் கேட்க வைப்பதே நோக்கமாக இருக்க வேண்டும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பாடத்திட்டமும் மதிப்பீடும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 29ஆம் பிரிவில், குழந்தையை அச்சத்திலிருந்து விடுவித்துத் தன் கருத்தைத் தடையின்றி வெளியிட உதவ வேண்டும் என்கிறது. கட்டடமும் கணினியும் வந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பிரிவு மட்டும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வகுப்பறையிலும், ஒவ்வோர் ஆசிரியராலும் புதிதாக நிறைவேற்றப்பட வேண்டியது.

கடல் இருந்திருந்தால் உப்பு எங்கே போனது என்று கேட்டவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடல் பின்வாங்கியபின் கோடிக்கணக்கான ஆண்டுகள் பெய்த மழை அந்த உப்பைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கும் என்று அன்று வகுப்பு முழுமைக்கும் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் பாறையின் வகைகளில் தொடங்குவதில்லை. அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதித்தான் தொடங்குகிறேன்.